ரேஷன் கார்டு முகத்தோடு ஒரு அறிபுனைத் தளம்

முதல் தடவை திறந்தபோது ஏதோ அரசு அலுவலகப் பக்கத்துக்குத் தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து மூடிவிட்டேன். இடது ஓரத்தில் இணைப்புகளின் வரிசை, நடுவில் எழுத்து, அதற்குக் கீழேயும் எழுத்து. அழகுபடுத்த வேண்டும் என்று யாரும் மெனக்கெட்ட மாதிரியே தெரியவில்லை. பெயரும் அப்படித்தான், இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ். சுருக்கிச் சொன்னால் ஐஎஸ்எஃப்டிபி, அதுவும் வாயில் நுழையாது. யார் எந்தக் கதையை எழுதினார், அது எப்போது எங்கே வந்தது என்ற பட்டியல்தான் மொத்தத் தளமும். ஆனால் நாலு வருடமாக ஆங்கில அறிபுனையில், அதாவது அறிவியல் புனைகதையில், நான் புதிதாகப் படித்த எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேரை இந்த அழுமூஞ்சித் தளத்தின் வழியாகத்தான் பிடித்தேன். அதனால் ஒரு மதிப்புரை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு முன்னால் எல்லோரையும் போல நட்சத்திரம் பார்த்துத்தான் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய மதிப்பீட்டுத் தளம், பெயர் வேண்டாம். அதில் நாலரை நட்சத்திரம் வாங்கிய விண்வெளி நாவல் ஒன்றை நம்பி வாங்கினேன், எண்பதாவது பக்கத்தில் நின்றது நின்றதுதான். இன்னொரு நாவல் வெளிவரவே மூன்று மாதம் இருக்கும்போது அதற்கு ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்திருந்தன. படிக்காமலே எப்படிப் போட்டார்கள் என்று கேட்கக்கூடாது போல. அப்புறம் அந்தத் தளம் எனக்குப் பரிந்துரைத்ததெல்லாம் நான் ஏற்கெனவே படித்த நாலு பெரிய பெயர்களையே. பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகம் செய்து வைப்பதற்கு ஒரு தளம் எதற்கு?

என் வழி மாறியது ரயிலில். வேலைக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். நாவல் படிக்க அந்த நேரம் தோதுப்படாது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதை அறுந்துபோகும். அதனால் கிளார்க்ஸ்வேர்ல்ட் இணைய இதழில் ஒரு நாளைக்கு ஒரு சிறுகதை என்று ஆரம்பித்தேன். 2006 அக்டோபரிலிருந்து மாதாமாதம் வருகிறது, படிக்கக் காசு கிடையாது, ஆசிரியர் நீல் கிளார்க். சீன, கொரியக் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இதில் நிறைய வரும். ஒருநாள் ஒரு கதை படித்துவிட்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். யார் இந்த ஆள், வேறென்ன எழுதியிருக்கிறார் என்று கூகுளில் தேடினால் வந்ததெல்லாம் கடைகள். "இப்போதே வாங்குங்கள்" என்று ஆறு இணைப்பு. ஏழாவதாகக் கிடந்தது ஐஎஸ்எஃப்டிபி. இந்த முறை மூடவில்லை.

எழுத்தாளர் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி, எழுதும் மொழி, அவருடைய சொந்தத் தளத்துக்கும் மற்ற பக்கங்களுக்கும் இணைப்புகள். கீழே தொடர்கள், நாவல்கள், தொகுப்புகள், கடைசியில் சிறுகதைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டு. ஒரு கதையின் மேல் சொடுக்கினால் அது முதலில் எந்த இதழில் வந்தது, பிறகு எந்தெந்தத் தொகுப்பில் சேர்ந்தது, எந்த மொழிகளுக்குப் போனது என்று வரிசையாக வரும். விருதுகளுக்குத் தனிப் பக்கம். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் கதையாக இருந்தால் சில பதிவுகளில் அதன் முகவரியும் இருக்கும். இவ்வளவுதான். "உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்" என்று எதுவும் எட்டிப் பார்க்காது. அந்த நிம்மதிக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

இதைவிட எனக்கு உபயோகமான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கதைக்கும் அதன் வகையைக் குறித்திருப்பார்கள். 7,500 சொல் வரைக்கும் சிறுகதை, அதற்கு மேல் 17,500 வரைக்கும் நெடுங்கதை, அங்கிருந்து 40,000 வரைக்கும் குறுநாவல், அதற்கும் மேலே போனால் நாவல். அறிபுனைக்குக் கொடுக்கும் ஹ்யூகோ விருதுக்காரர்கள் வைத்திருக்கும் அதே அளவு. இதை வைத்துத்தான் என் ரயில் நேரத்தைப் பிரிக்கிறேன். சிறுகதை என்றால் காலை, நெடுங்கதை என்றால் போகவும் வரவும், குறுநாவல் என்றால் ஞாயிற்றுக்கிழமை. சிரிக்காதீர்கள், புதிய எழுத்தாளரிடம் நானூறு பக்கத்தை ஒப்படைப்பதற்கு முன் அரை மணி நேரம் மட்டும் கொடுத்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு வஜ்ர சந்திரசேகர. கொழும்பில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2023ல் வந்த முதல் நாவல் நெபுலா என்ற இன்னொரு அறிபுனை விருதை வாங்கியது, உடனே எல்லோரும் திடீரென முளைத்தவரைப் போலப் பேசினார்கள். அவர் பதிவைத் திறந்து சிறுகதைப் பகுதிக்கு இறங்கினால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இதழ்களில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். விருதுச் செய்தியில் இது இரண்டு வரியில் போய்விடும், இங்கே ஆண்டு வாரியாகக் கிடக்கிறது. நான் நாவலைக் கடைசியில்தான் வாங்கினேன். அதற்குள் அவர் வாக்கியம் எங்கே வளையும், எங்கே கதவைச் சாத்தும் என்று பழகியிருந்தது.

அவர் ஒரு காலத்தில் கதை ஆசிரியராக இருந்தது ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸில். அந்த இதழை 2000ல் ஆரம்பித்தவர் மேரி ஆன் மோகன்ராஜ், இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதழ் வாராவாரம் வரும், இலவசம், வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், செலவு வாசகர் நன்கொடையில் ஓடுகிறது, எழுத்தாளர்களுக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். இன்னொன்று எஸ்கேப் பாட், கதையை வாசித்துக் காட்டும் ஒலியிதழ், 2005லிருந்து இருக்கிறது. கூட்டத்தில் நின்றுகொண்டு போகும் நாளில் அதுதான் கதி. அங்கே சில ஆண்டுகள் இணையாசிரியராக இருந்த எஸ்.பி. திவ்யா புதுச்சேரியில் பிறந்தவர், படிப்பில் பொறியாளர். இப்படி ஒரு பெயரிலிருந்து ஓர் இதழ், இதழிலிருந்து இன்னொரு பெயர் என்று நூல் பிடித்துப் போகலாம், தளம் அதற்குத் தடையாக இல்லை என்பதே பெரிய விஷயம்.

இது யாருடைய கம்பெனி என்று கேட்டால், யாருடையதும் இல்லை. 1995ல் ஆல் வான் ரஃப் என்பவரும், அஹாசுவேரஸ் என்ற புனைபெயரில் மட்டுமே அறியப்படும் இன்னொருவரும் தொடங்கினார்கள். புனைபெயர்களை அவிழ்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் தளத்தை நடத்துபவர் தாமே புனைபெயருக்குள் இருப்பது எனக்குப் பிடித்த நகைச்சுவை. இன்றைக்கும் தொண்டர்கள்தான் நிரப்புகிறார்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தம் அனுப்பலாம், மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது பதிவில் ஏறும். நானும் ஒன்று அனுப்பினேன், ஒரு பழைய தொகுப்பில் ஒரு கதையின் தொடக்கப் பக்கம் தவறாக இருந்தது, கையில் புத்தகம் இருந்ததால் பார்த்துச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்று மாலை ஏதோ சொத்துப் பத்திரத்தில் என் கையெழுத்து ஏறிய மாதிரி இருந்தது.

புனைபெயர் என்றதும் டிப்ட்ரீயைச் சொல்லாமல் போக முடியாது. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் 1968லிருந்து கதைகள் வந்தன. ஆளை யாரும் பார்த்ததில்லை, எல்லாம் தபால் பெட்டி எண்ணுக்குக் கடிதம். உர்சுலா லெ குவின் உட்படப் பல எழுத்தாளர்கள் அவரோடு கடித நண்பர்கள். இப்படி எழுதுகிறவர் ஆணாகத்தான் இருக்க முடியும் என்று இன்னொரு பெரிய எழுத்தாளரான ராபர்ட் சில்வர்பெர்க் டிப்ட்ரீயின் கதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலேயே அடித்துச் சொன்னார். அப்புறம் ஒரு கடிதத்தில் டிப்ட்ரீ தன் தாய் இறந்துபோனதைச் சொல்ல, தாய் சிகாகோக்காரர், ஆப்பிரிக்காவில் பயணம் செய்தவர் என்ற துப்பை வைத்து வாசகர்கள் செய்தித்தாளில் மரண அறிவிப்பைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது ஆலிஸ் ஷெல்டன் என்ற அறுபதை எட்டிய பெண்மணி. இணையம் வராத காலத்தில் நடந்த தேடல் இது. ரக்கூனா ஷெல்டன் என்ற இன்னொரு பெயரிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரில் வந்த கதைகள் இந்தத் தளத்தில் டிப்ட்ரீயின் பக்கத்திலேயே வந்து சேரும், எந்தக் கதை எந்தப் பெயரில் அச்சானது என்ற குறிப்போடு. கடைத் தளங்களில் இரண்டும் இரண்டு வேறு ஆட்களாகக் கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. அவரோடு பேசுவது? அதற்குத் தளம் எதுவும் செய்யாது, இணைப்பைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதுவும் நல்லதுதான். நான் முன்பு ஒரு சமூக ஊடகத்தில் முப்பது எழுத்தாளர்களைப் பின்தொடர்ந்தேன், அவர்கள் புதுக் கதை போட்டால் எனக்குத் தெரியாது, அவர்கள் மேல் யாராவது கோபப்பட்டால் மட்டும் உடனே தெரியும். இப்போது அதை விட்டுவிட்டு, இந்தத் தளத்திலிருந்து எழுத்தாளரின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ச் செய்திமடலில் பெயர் கொடுத்துவிடுகிறேன். மாதம் ஒரு கடிதம், புதுக் கதை எங்கே வருகிறது, பூனைக்கு உடம்பு எப்படி, அவ்வளவுதான். பெயர் சொல்லாமல் சொல்கிறேன், ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கதையில் நிலவின் பின்புறத்தில் நின்றுகொண்டு ஒருவன் பூமி உதிப்பதைப் பார்க்கிறான், அங்கிருந்து பூமியே தெரியாதே என்று கேட்டேன். பதினொரு நாள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது: நீங்கள் இரண்டாவது ஆள், முதல் ஆள் என் அம்மா, தொகுப்பாக வரும்போது மாற்றிவிடுகிறேன். இன்னும் அந்த மின்னஞ்சலை அழிக்கவில்லை.

வாசகர் தப்புக் கண்டுபிடிப்பது அறிபுனையில் மரபு என்றே சொல்லலாம். ஆண்டி வியர் செவ்வாயில் மாட்டிக்கொண்டவன் கதையைத் தன் சொந்தத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டபோது, வேதியியல் தெரிந்த வாசகர்கள் கணக்கைச் சரிபார்த்து எழுதினார்கள், அவரும் திருத்தினார். கிண்டிலில் படிக்க வசதி செய்து கொடுங்கள் என்று அவர்களே கேட்டதால்தான் 99 சென்ட்டுக்கு ஏற்றினார், அதற்குக் கீழே விலை வைக்க முடியாது என்பதால் அந்த 99. அப்புறம் 2014ல் பெரிய பதிப்பகம், 2015ல் படம். முதலில் படித்தவர்களுக்கு அது இலவசம் என்பதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1926ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸ் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. ஊரில் தனியாக இருந்த பைத்தியங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்து, சங்கம் வைத்து, அதிலிருந்தே அடுத்த தலைமுறை எழுத்தாளர்களும் வந்தார்கள். 1956ல் இலங்கைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஆர்தர் சி. கிளார்க், எண்பதுகளின் தொடக்கத்தில் "2010" என்ற பெயர்கொண்ட படம் தயாரானபோது கொழும்பில் ஒரு கேப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு கடிதம் பரிமாறினார். பிறகு அது தனிப் புத்தகமாகவே வந்தது. நம் சுஜாதாவும் அம்பலம் இணைய இதழில் வாசகர்களோடு அரட்டை அடித்தவர்தான். 2008 பிப்ரவரி 27ல் சுஜாதா இறந்தார், மார்ச் 19ல் கிளார்க். மூன்றே வாரம். அந்த வருடம் எனக்கு இரண்டு செய்தியும் செய்தித்தாளில்தான் வந்தது, யாரோடும் பேசித் தீர்க்க இடம் இருக்கவில்லை.

குறை என்ன? முதல் குறை, கதைச் சுருக்கம் பெரும்பாலும் கிடையாது. கதை ஞாபகம் இருந்து பெயர் மறந்துபோனவர்களுக்கு இந்தத் தளம் கைகொடுக்காது. பள்ளியில் படித்த கதை, வெள்ளிக் கோளில் ஓயாத மழை, ஏழு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரம் வெயில், அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமியை அலமாரிக்குள் பூட்டிவிடுகிறார்கள் என்று இங்கே தட்டினால் ஒன்றும் வராது. அதற்கு ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளத்தில் அறிபுனைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, "இந்தக் கதை எது" என்று கேட்பதே அங்கே முழுநேரத் தொழில். அங்கே போய் ரே பிராட்பரி, 1954 என்று தெரிந்துகொண்டு, பிறகு இங்கே வந்து அது எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறது, எது நம் நூலகத்தில் இருக்கும் என்று பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் வேலை முடியும்.

அடுத்து, புதிதாக வருபவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் பழக்கம் இதற்குக் கிடையாது. அறிபுனையே படிக்காத ஒருவர் நேராக இங்கே வந்தால் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவார். எந்தக் கதை நல்ல கதை என்று இது சொல்லாது, விருதுப் பட்டியலும் ஆண்டும் மட்டும் தரும். ஒரு கதையாவது பிடித்துப்போய், அந்தப் பெயரோடு வருபவருக்கான தளம் இது. அதனால் முதலில் மேலே சொன்ன இதழ்களில் பத்துக் கதை படியுங்கள், ஏழு பிடிக்காது, பரவாயில்லை, மீதி மூன்று பெயரோடு இங்கே வாருங்கள். தமிழில் வேண்டுமென்றால் அரூ இணைய இதழ் இருக்கிறது, அறிவியல் புனைவுக்குத் தனியாகச் சிறுகதைப் போட்டி வைத்தவர்கள்.

இன்னொரு கவலை, இது தளத்தின் குறை இல்லை, காலத்தின் குறை. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு இயந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் கொஞ்ச நாள் கதை வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். முகம் தெரியாத புதியவருக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த இடம் அது. கதவைச் சாத்தினால் முதலில் அடிபடுபவர் கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்து முதல் கதையை அனுப்புகிறவர்தான். பிறகு திறந்தார்கள். ஆனால் ஆசிரியர் குழுவின் நேரம் இனி எதில் போகும் என்று யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு எதிர்பாராத உபயோகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விற்பனைத் தளத்தில் பழைய நாவல் ஒன்று பாதி விலைக்கு வாங்கினேன். வந்த புத்தகத்தின் அட்டை மங்கல், தாள் மெலிசு, ஓரம் கோணல். அந்தப் பதிப்பின் பதிவை இங்கே திறந்து பார்த்தால் பக்க எண்ணிக்கை இடித்தது, அட்டைப்படமும் வேறு. கள்ள அச்சு. படத்தோடு அனுப்பியதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை, அவ்வளவு மலிவாக அடித்திருக்கிறார்கள். எழுத்தாளருக்கு அதில் ஒரு பைசா போயிருக்காது.

காசு எதுவும் கேட்காத தளத்துக்கு "காசுக்கு ஏற்றதா" என்று எழுத முடியாது. முகப்பில் தினமும் இன்று பிறந்த எழுத்தாளர்கள், இன்று இறந்தவர்கள் என்று ஒரு பட்டியல் வரும், காப்பியோடு அதைப் பார்ப்பது எனக்கு ராசிபலன் மாதிரி ஆகிவிட்டது. தெரியாத பெயர் ஒன்றைத் தொட்டு, அவருடைய ஒரு சிறுகதையாவது எங்காவது கிடைக்கிறதா என்று தேடுவேன். சில நாள் கிடைக்கும்.

தமிழ் விஷயத்தில்தான் எனக்கு நிறைவில்லை. ஆங்கிலத்தை மையமாக வைத்து வளர்ந்த தளம், ஆனால் மற்ற மொழிப் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்வதில்லை. யாராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த யாராவது வேறு யாரும் இல்லை என்று தோன்றியதால் போன வாரம் என் அலமாரியிலிருந்து தமிழ் அறிபுனைத் தொகுப்புகளை இறக்கினேன். பதிப்பகம், ஆண்டு, விலை, பக்கம், உள்ளே கதைகளின் வரிசை, இவ்வளவும் வேண்டும். முதல் புத்தகத்தைத் திறந்தேன், பதிப்பாண்டே அச்சிடவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. தலைப்புப் பக்கத்தில் யாரோ யாருக்கோ நீல மசியில் "அன்புடன்" என்று எழுதி 14.4.91 என்று தேதி போட்டிருக்கிறார்கள். இப்போதைக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான், இதை மேற்பார்வையாளரிடம் எப்படி விளக்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.